மூச்சு விடும் பெட்டி

(கொச்சியின் மட்டாஞ்சேரியில் இசை அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னச் சொல்லில் தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் ஒருவர் பாட உட்கார்ந்தால் பக்கவாத்தியக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கட்டை?" என்றுதான். ஒருவர் ஒரு கட்டை என்பார், இன்னொருவர் இரண்டரை என்பார். பெண்குரல் என்றால் ஐந்து, ஐந்தரை என்று போகும். நாடக மேடைப் பாடகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் பற்றிப் பேச வந்த பெரியவர்கள், அவர்கள் எட்டிப் பிடித்த கட்டையிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். இது எந்தக் கட்டை? ஆர்மோனியப் பெட்டியின் கட்டை. வெள்ளைக் கட்டைகள் முழு எண், நடுவே உள்ள கறுப்புக் கட்டைகள் அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பெட்டியில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால்தான் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று எந்தப் பாடகரும் சொல்வதில்லை.

யாழும் குழலும் கண்ட ஒரு மொழி, தன் குரலை அளக்க ஐரோப்பாவில் பிறந்த ஒரு பெட்டியின் கட்டையை எடுத்துக்கொண்டது. அதை வெளியூர்ப் பொருள் என்று நம்மில் யாரும் நினைப்பதும் இல்லை. அந்தப் பெட்டியையும், தோளில் தொங்கும் அதன் உடன்பிறப்பான அக்கார்டியனையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இந்தக் காற்றுப்பெட்டிகள் ஏன் சாகவில்லை, மறுபடியும் எழுந்து வர என்ன வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் மட்டாஞ்சேரியில் பதில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

முதலில் பெட்டிக்குள் போவோம். ஒரு தகட்டில் நீளமாக ஒரு துளை. அதன்மேல் மெல்லிய உலோக நாக்கு ஒன்று, ஒரு முனை மட்டும் இறுகப் பதிந்து, மறு முனை ஆடும்படி இருக்கும். இதைத்தான் ரீடு என்கிறோம். துருத்தி காற்றைத் தள்ளும்போது அந்த நாக்கு துளைக்குள் போய்ப் போய் வருகிறது. அந்த ஆட்டமே ஒலி. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ரிப்பேர்க்காரர் அரத்தை மெல்ல வைத்து, ஊதிப் பார்த்து, மறுபடி அரத்தை வைத்துச் சுருதி சேர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சீனத்தில் மிகப் பழங்காலந்தொட்டே ஷெங் என்ற வாய்க் கருவி இந்த முறையில்தான் ஒலிக்கிறது. ஐரோப்பா அதைக் கண்டு, வாய்க்குப் பதிலாகத் துருத்தியை வைத்தது.

1829-ல் வியன்னாவில் சிரில் டேமியன் என்பவர் ஒரு கைப்பெட்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஒரு கட்டையை அழுத்தினால் இசைந்து ஒலிக்கும் பல சுரங்கள் சேர்ந்து வரும். அந்தச் சேர்க்கைக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லிலிருந்து அக்கார்டியன் என்ற பெயர் வந்தது. அவர் விண்ணப்பித்த மே 6-ஆம் நாளைத்தான் உலக அக்கார்டியன் தினமாக இன்று கொண்டாடுகிறார்கள். 1842-ல் பாரிஸில் அலெக்சாண்டர் டெபான் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதிக்கும் பெட்டி, மேசை போல் நிற்கும். மாதாகோவில்களுக்காகக் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. நாம் தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்கள் ஆயிற்றே, நமக்கு மேசை எதற்கு? கொல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அந்தப் பெட்டியின் காலை எடுத்துவிட்டு, பின்புறம் ஒரு கைத்துருத்தியை வைத்தார். இடக்கை துருத்திக்கு, வலக்கை கட்டைக்கு. பெட்டி பாயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆக, ஒரே மூச்சில் பிறந்த இரண்டு பிள்ளைகள். மூத்தது அக்கார்டியன், மார்போடு அணைத்து நின்றபடி வாசிப்பது. இளையது ஆர்மோனியம், மடியருகே வைத்து உட்கார்ந்து வாசிப்பது.

இந்தப் பிள்ளைகள் மட்டாஞ்சேரிக்கு எப்படி வந்தார்கள்? இரண்டு வழியாக வந்தார்கள்.

ஒரு வழி கிழக்கிலிருந்து வந்தது. மலையாளத்தில் சங்கீத நாடகம் வளர்வதற்கு முன்பே தமிழ் நாடகக் கம்பெனிகள் மலை தாண்டி இங்கே வந்து கொட்டகை போட்டன. கால் ஆர்மோனியமும் அவர்களோடு வந்தது. அந்தப் பாணியைப் பார்த்து மலையாளத்தில் நாடகம் எழுதினார்கள், பாடி நடிக்கும் பாகவதர்கள் தோன்றினார்கள். அவர்களில் ஒருவர் கொச்சியின் அகஸ்டின் ஜோசப். 1940 ஜனவரி 10 அன்று பக்கத்திலுள்ள கோட்டைக்கொச்சியில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்த மகனைக் கே.ஜே. யேசுதாஸ் என்று நாடறியும்.

அந்தத் தமிழ் நாடக மரபில், சிறுவனாக நான் பார்த்த ஸ்பெஷல் நாடகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ராஜபார்ட் வேறு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. எல்லோரையும் ஒரு கதைக்குள் கட்டி நிறுத்துகிறவர் மேடையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர். நடிகர் வசனத்தில் தடுமாறினால் இவர் பின்பாட்டெடுத்துத் தாங்குவார். விடிய விடியக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியாக நடித்தவரின் முகம் மறந்துபோகும், பெட்டியின் நாதம் மட்டும் காதில் இருக்கும். எத்தனை பேர் வந்து சேர்ந்தாலும் ஒரே சுருதியில் உட்கார வைப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை என்று எனக்கு அன்றே புரிந்தது.

இன்னொரு வழி வடக்கே கடல் வழி. கச்சிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வணிகர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள். மிளகு, இஞ்சி, கொப்பரை நிரம்பிய பண்டகசாலைகள் பஜார் ரோட்டில் எழுந்தன. கச்சி மேமன்கள், தக்கனி முஸ்லிம்கள், கொங்கணிகள், ஜூதத்தெருவின் யூதர்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள், நம் தமிழர்கள் என்று பல மொழிக்காரர்கள் நடந்தே சுற்றிவிடக்கூடிய ஒரு வட்டாரத்தில் குடியிருந்தார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் கோட்டைக்கொச்சியின் தோபிக்கானாவில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். இத்தனை மொழிக்கும் பொதுவான ஒன்று தேவைப்பட்டது. பம்பாயிலிருந்து வந்த இந்திப் பாட்டும் கஜலும், அவற்றைத் தாங்கிவந்த ஆர்மோனியமும் தபேலாவும் அந்தப் பொதுவான ஒன்றாயின.

அப்படித்தான் இங்கே மெஹ்ஃபில் என்னும் இசைக்கூட்டம் பிறந்தது. கல்யாண வீட்டின் மாடியில், கிடங்குக்கு மேலே இருக்கும் சிறு அறையில் இரவு உணவுக்குப் பிறகு பத்துப்பேர் கூடுவார்கள். நடுவே பெட்டி. கேட்கிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் இடையே ஒரு சாண் இடம்கூட இருக்காது.

அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்கள் அந்த அறையில் இருந்தன. மட்டாஞ்சேரித் துறையில் ஒரு காலத்தில் சாப்பை முறை இருந்தது. வேலைக்கு உரிய உலோக வில்லைகளைக் கூட்டத்தில் விட்டெறிவார்கள், தொழிலாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கவேண்டும். கிடைத்தவனுக்கு அன்று சோறு. மனிதனை மனிதனோடு மோதவிட்ட அந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் மூன்று உயிர்கள் போயின. 2023-ல் வந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் அந்தக் கதையைச் சொல்கிறது. பகலில் ஒரு வில்லைக்காக அடித்துக்கொள்ள வைக்கப்பட்டவர்கள், இரவில் ஒரே பெட்டியைச் சுற்றி ஒரே பாட்டுக்குத் தலையசைத்தார்கள். பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் இதை அடக்கிவிட முடியாது. தன் மானத்தை மனிதன் திரும்ப எடுத்துக்கொண்ட இடம் அது.

அந்த இடத்தின் குரல் மெஹ்பூப். 1926-ல் பிறந்து 1981-ல் மறைந்தவர். தக்கனிக் குடும்பத்துப் பிள்ளை. 1951-ல் வந்த 'ஜீவித நௌகா' படத்திலும், 1954-ல் கே. ராகவன் இசையமைத்த 'நீலக்குயில்' படத்திலும் பாடினார். சினிமாவில் நிலைத்து நின்று பேரும் பணமும் சேர்த்திருக்கலாம். அவரோ கல்யாண வீடுகளின் மெஹ்ஃபிலுக்கே திரும்பத் திரும்ப வந்தார். கொச்சிக்காரர்களுக்கு அவர் மெஹ்பூப் பாய். பாய் என்று அழைக்கும் உரிமை இந்த ஊருக்கு அவர் கொடுத்துவிட்டுப் போன சொத்து.

அவருக்குப் பின் உம்பாயி. மட்டாஞ்சேரியில் பிறந்த இப்ராகிம். பம்பாய்க்குப் போய் உஸ்தாத் முனவ்வர் அலிகானிடம் கற்றார். ஊர் திரும்பினார். ஜான் ஆபிரகாமின் 'அம்மா அறியான்' படம் 1986-ல் வந்தபோது அதில் அவர் குரல் ஒலித்தது. பிறகு மலையாளக் கவிஞர்களின் வரிகளைக் கஜலாக்கினார். கஜல் என்றால் உருதுதான் என்றிருந்த எண்ணத்தை மாற்றி, ஓ.என்.வி. குறுப்பின் மொழியிலும் அது மூச்சுவிடும் என்று காட்டினார். ஆர்மோனியத்தின் மேல் விரல் ஓட, கண்மூடிப் பாடும் அந்த முகத்தை இங்கே பலரும் நேரில் பார்த்திருப்பீர்கள். 2018 ஆகஸ்ட் 1 அன்று அவர் மறைந்தார். கோழிக்கோட்டில் இசையமைப்பாளர் பாபுராஜ், கொச்சியில் மெஹ்பூப்பும் உம்பாயியும் என்று மூன்று பேரைச் சொன்னால், கேரளக் கரையோரத்தின் பெட்டிப் பாட்டு வரலாற்றில் பாதியைச் சொன்னதாகிவிடும்.

இனி மூத்த பிள்ளைக்கு வருவோம். அக்கார்டியன் நம் காதுக்கு வந்தது பெரும்பாலும் சினிமா வழியே. பம்பாயில் குடி சீர்வாய், கெர்சி லார்ட், ஏனாக் டேனியல்ஸ் போன்ற மேதைகள் அதை இந்திய மெட்டுக்குப் பழக்கினார்கள். 1964-ல் வந்த 'சங்கம்' படத்தில் ராஜ் கபூர் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு தோன்றினார். 1969-ல் 'ஆராதனா' படத்தின் மழை இரவுப் பாட்டில் கெர்சி லார்டின் துருத்தி விட்ட மூச்சு இன்றுவரை அடங்கவில்லை. சென்னையில் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதனின் குழுவில் அக்கார்டியனோடு மங்களமூர்த்தி இருந்தார். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை ஒருமுறை மறுபடி பாருங்கள். ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்று தெரியும்.

அந்த விசுவநாதன் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர், இசைக்குழுவில் ஆர்மோனியக்காரராகத்தான் தொடங்கினார். இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் பெட்டி வாசித்து வளர்ந்தார். அந்தப் பாவலர் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே தமிழில் பாடினார். கேரள மண்ணில், தமிழ்ப் பாட்டில், ஓர் ஆர்மோனியப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு தேர்தலையே கலகலக்க வைத்தார். நம் இரண்டு மொழிகளுக்கும் இந்தப் பெட்டி எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தப் பெட்டிக்கு எதிர்ப்பே இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு உள்ள பன்னிரண்டு கட்டைகளும் இடம் மாறாமல் நிற்பவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் அதில் வராது. காம்போதியின் நிஷாதத்தையும் தோடியின் காந்தாரத்தையும் அதனிடம் கேட்டால் அது என்ன செய்யும்? ஆனந்த குமாரசுவாமி அதைக் கடிந்தார். இரவீந்திரநாத் தாகூரும் அதை வெறுத்தார். 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்த அந்தத் தடை 1970-களில்தான் தளர்ந்தது.

அவர்கள் சொன்ன குறை உண்மையான குறைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வானொலி கதவை அடைத்திருந்த அந்த ஆண்டுகள் முழுவதும் பெட்டி எங்கே இருந்தது? நாடக மேடையில், பஜனை மடத்தில், கவ்வாலிப் பந்தலில், மாதாகோவிலில், மட்டாஞ்சேரியின் மாடி அறையில் இருந்தது. கமகத்தைப் பாடகரின் தொண்டை பார்த்துக்கொண்டது. பெட்டி அவருக்கு நிற்கத் தரை கொடுத்தது. நம் கர்நாடக மேடையின் சுருதிப் பெட்டியும் இதே ரீடு, இதே துருத்திதானே? அதை யாரும் விலக்கவில்லை. மக்கள் ஒன்றுகூட உதவும் கருவியை அரசாணையால் அழிக்க முடியாது என்பதற்கு அந்த முப்பது ஆண்டுகளே சான்று.

அரசாணை செய்யாததை மின்சாரம் செய்தது. 1980-களில் மின்விசைப் பலகைகள் வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் வயலின், இன்னொன்றில் குழல், இன்னொன்றில் அக்கார்டியன். முழு அளவு அக்கார்டியன் என்றால் 41 கட்டைகள், இடக்கைப் பக்கம் 120 பொத்தான்கள், எடை பத்து கிலோவுக்கு மேல். கானமேளக் குழுக்காரர் அதைத் தோளிலிருந்து இறக்கிவைத்ததில் வியப்பில்லை. இறக்கிவைத்த பெட்டியைக் கடல்காற்று தின்னத் தொடங்கியது. எஃகு நாக்குகள் துருப்பிடிக்கும், தோல் மூடிகள் சுருளும், துருத்தியின் மடிப்புகளில் பூஞ்சை ஏறும். வாசிக்காத பெட்டி வீணாகிப்போகும். இந்தக் கருவியின் இயல்பே அது.

மின்விசைப் பலகையின் பொத்தானில் வராத ஒன்று அந்தப் பழைய பெட்டியில் இருந்தது. அக்கார்டியனில் ஒரு சுரத்துக்கு இரண்டு மூன்று ரீடுகள், மயிரிழை வித்தியாசத்தில் சுருதி வைத்து ஒன்றாக ஒலிக்கவிடுவார்கள். அந்த இழை வித்தியாசம்தான் நம் நெஞ்சை நடுங்கவைக்கும் அதிர்வு. துருத்தியை அழுத்தினால் அழுகை, தளர்த்தினால் பெருமூச்சு. வாசிப்பவரின் நெஞ்சும் துருத்தியும் சேர்ந்தே விரிந்து சுருங்குகின்றன. கருவி மனிதனைப் போல மூச்சுவிடுவதால்தான் அதைக் கேட்டவுடன் ஏதோ ஒரு முகம் நமக்கு நினைவு வருகிறது.

உலகம் இதைத் திரும்பக் கண்டுகொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவில் பண்டோனியான் என்ற துருத்திக் கருவியைக் கொண்டு ஆஸ்டர் பியாசோல்லா டேங்கோவுக்குப் புது உயிர் கொடுத்தார். 2009-ல் யுனெஸ்கோ டேங்கோவை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. கொலம்பியாவின் வல்லேதுபார் நகரில் 1968 முதல் அக்கார்டியன் போட்டியோடு திருவிழா நடக்கிறது. அவர்களுடைய வல்லேநாத்தோ இசையை 2015-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளில் சேர்த்தது. 2001-ல் வந்த 'அமேலி' என்ற பிரெஞ்சுப் படத்தின் துருத்தி ஒலி உலகெங்கும் இளைஞர்களைப் பிடித்திழுத்தது. நம் நாட்டில் 2012-ல் 'பர்ஃபி' படத்தில் அந்த ஒலி மறுபடி கேட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் கவனிக்கவேண்டும். படத்தில் கேட்ட ஒலி படத்தோடு போய்விடும். வல்லேதுபாரில் அப்படிப் போகவில்லை. அங்கே ஊர் கூடுகிறது, சிறுவர்களுக்கென்று தனிப் போட்டி வைக்கிறார்கள், தாத்தா வாசித்ததைப் பேரன் வாசிக்கிறான். பழைய பாட்டைப் பற்றி ஏங்குவதால் மட்டும் ஒரு கருவி பிழைப்பதில்லை. கூடி உட்கார ஓர் அறையும், கேட்கப் பத்துப்பேரும், தொட்டுப் பார்க்க ஒரு பிள்ளையும் இருந்தால் அது பிழைக்கும். அறையும் பத்துப்பேரும் மட்டாஞ்சேரியில் எப்போதும் இருக்கிறார்கள். வேறு ஊர்கள் புதிதாக உண்டாக்கவேண்டியது இங்கே பழக்கமாகவே இருக்கிறது. குறைவது பிள்ளை ஒன்றுதான்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ரிப்பேர்க்காரரைக் காப்பாற்றுங்கள். ரீடு சுரண்டிச் சுருதி சேர்க்கும் கை ஓர் ஊரில் ஓய்ந்துவிட்டால், அந்த ஊரின் எல்லாப் பெட்டிகளும் ஒரே தலைமுறையில் ஊமையாகும். குஜராத்தின் பாலிதானாவில் ஆர்மோனிய ரீடு செய்வது ஊர்த் தொழில். அந்தக் குஜராத்தோடு தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்த ஊர் இது. ரீடு அங்கிருந்து வரலாம், அதைச் சுருதி சேர்க்கும் விரல் இங்கேதான் வளரவேண்டும். அவரிடம் ஒரு பையனை, ஒரு பெண்ணை வேலை பழக அனுப்புங்கள்.

இரண்டாவது, மெஹ்ஃபிலில் பிள்ளைகளுக்குப் பாயின் முன்வரிசையைக் கொடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று நள்ளிரவில் நடக்கும் கூட்டத்தோடு, மாதம் ஒருமுறை மாலையில் பிள்ளைகளும் உட்காரும் கூட்டம் ஒன்றை நடத்துங்கள். பாடத் தெரியாவிட்டாலும் துருத்தியைப் பிடிக்கட்டும். துருத்தி பிடித்த கை ஒருநாள் கட்டையைத் தேடும்.

மூன்றாவது, எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு. இந்த ஊரின் கஜலும் இந்திப் பாட்டும் நமக்கும் சொந்தம்தான். ஆனால் நாம் கொண்டுவந்த நாடகப் பாட்டு எங்கே? இந்தக் கரைக்கு முதலில் பெட்டியோடு வந்த பாட்டுகளில் அதுவும் ஒன்றல்லவா? உருது, மலையாளம், கொங்கணி எல்லாம் உட்காரும் அந்தப் பாயில், ஒரு 'வள்ளி திருமணம்' நாடகப் பாட்டும் உட்காரட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். அப்பா வாசித்த ஆர்மோனியமோ, மாமா வாசித்த அக்கார்டியனோ துணி சுற்றிக் கிடந்தால் இன்றிரவே இறக்குங்கள். தூசியைத் துடைத்து, துருத்தியை மெல்லத் திறந்து, ஒரு கட்டையை அழுத்துங்கள். சுருதி விலகியிருக்கலாம், ஒன்றிரண்டு ரீடுகள் பேசாமலும் இருக்கலாம். கவலைப்படாதீர்கள். காற்று உள்ளே போகிற வரை அந்தப் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அந்த முதல் ஒலியைக் கேட்க வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.